பனிமேரியின் போனில் பதிமூன்று வைரஸ்

அன்று காலை எட்டு மணிக்குள் பனிமேரிக்கு மூன்று ஐபோன் பரிசு விழுந்திருந்தது. அது போக, அவளுடைய போனில் பதிமூன்று வைரஸ் புகுந்துவிட்டதாகவும், ஐந்து நிமிடத்துக்குள் துடைக்காவிட்டால் சிம்கார்டு செத்துப்போகும் என்றும் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு. அதற்கும் மேலே இன்னொன்று: பிரியா என்ற பெண் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் தனியாக இருக்கிறாளாம், பேசத் துணை தேடுகிறாளாம். கடியப்பட்டணத்தில் பனிமேரியின் வீட்டிலிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் நடுக்கடல். "அங்க என்னத்துக்குட்டி போய் நிக்கா? கரைக்கு வா" என்று சொல்லிவிட்டு அதை ஒதுக்கித் தள்ளினாள். முதல் தடவை இப்படிச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. இது நூறாவது தடவையாக இருக்கும். இப்போது வாய்தான் சொல்லியது, முகத்தில் ஒன்றும் இல்லை.

ஐம்பத்துநான்கு வயது. காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் சுமந்து, பஸ் ஏறி, திங்கள்சந்தையில் உட்கார்ந்து விற்றுவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவள். இடது கால் முட்டு போன வருஷமே மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. பஸ் படியில் ஏறும்போது யாராவது சருவத்தைப் பிடித்துக்கொண்டால்தான் ஏற முடியும். பிள்ளைகள் இரண்டும் பெண்கள், கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் அவள் புருஷன் ததேயுஸும்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் ததேயுஸ் வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை. கொச்சியிலிருந்து கிளம்பும் தூண்டில் போட்டில் போகிறவர். போனால் முப்பது நாள், நாற்பது நாள். கோவா, ரத்னகிரி தாண்டி எங்கேயோ ஆழத்தில் சூரையும் சுறாவும் தேடிக் கிடப்பார்கள்.

இவளுக்குப் போன் தேவைப்பட்டது இரண்டே காரியத்துக்கு. ஒன்று, காற்று பார்க்க. மற்றது, அவர் கூப்பிட்டால் எடுக்க.

காற்று பார்க்கிற பக்கம் ஒன்று உண்டு. அரபிக்கடல் முழுவதும் படமாக வரும். அதன்மேல் காற்று போகிற போக்குக்கு மெல்லிய கோடுகள் எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். நீலமும் பச்சையும் என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் போட்டுகள் ஏதாவது துறைமுகத்துக்கு ஓட வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் அதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டு லிஜாவின் புருஷன் சிஜினும் ததேயுஸ் போகிற அதே போட்டில்தான் வேலை. அவன்தான் தன் பழைய போனைப் பனிமேரிக்குக் கொடுத்து, எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்து, இந்தப் பக்கத்தையும் காட்டிக் கொடுத்தான். இலவசப் பக்கம். இலவசம் என்றால் நடுவில் எவனாவது கடை விரித்திருப்பான் என்பதை அவன் சொல்லவில்லை. சின்ன வயசு, அவனுக்கு அதெல்லாம் ஒரு தொந்தரவாகவே தெரிந்திருக்காது.

நாளடைவில் தெருவுக்கே காற்று சொல்கிறவளாகிவிட்டாள் பனிமேரி. சந்தையிலிருந்து வந்து காலைக் கழுவுவதற்குள் நாலு பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

"மாமி, இண்ணைக்கு எப்பிடி இருக்கு?"

"பச்சதான். மங்களூருக்கு மேக்க கொஞ்சம் மஞ்ச கெடக்கு. நாளெய்க்கு அதும் போயிரும்."

கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டிவியில் சொல்வதை அங்கே யாரும் நம்புவதில்லை. ஒக்கிப் புயலுக்குப் பிறகு அந்த நம்பிக்கை போனது, திரும்பவில்லை.

இப்போது அந்தப் படத்தைப் பார்ப்பதற்குள் பனிமேரிக்கு உயிர் போனது. படத்தைத் திறந்தால் ரத்னகிரிக்குமேல் ஒரு லாட்டரிச் சக்கரம் சுற்றும். அதை மூட மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், கடுகளவு. அதைத் தொட்டால் அது பெருக்கல் குறியே இல்லை, அதுவும் ஒரு விளம்பரம். வேறொரு பக்கம் திறந்து, போன் அதிர்ந்து, ஆம்புலன்ஸ் மாதிரிக் கத்தும். ஒருநாள் வைரஸைத் துடைக்கிறோம் என்று சொன்னவனை நம்பி அமுக்கினாள். அவன் ஏதோ ஒன்றை உள்ளே இறக்கினான். அன்றிலிருந்து படத்தைத் திறக்காமல் இருந்தாலும் விளம்பரம் வந்தது. ஜெபமாலை சொல்லும்போது வந்தது. சந்தையில் மீனுக்கு விலை பேசும்போது வந்தது. பணம் ஒன்றும் அவர்களால் பறிக்க முடியவில்லை, அவள் போனில் பணமே இல்லாததால். ஆனால் இப்படி ஒரு மனுஷியை நாளுக்கு முப்பது தடவை பயமுறுத்திப் பிழைக்கிறவன் வீட்டில் சோறு எப்படி இறங்குகிறதோ தெரியவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு கேள்விதான். ஒவ்வொரு பக்கமும் முதலில் மரியாதையாக ஒன்று கேட்கும்: அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது. கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் 'தடு' என்று இருக்கும். மற்றதில் 'அனுமதி'. கேட்கிற எல்லாவற்றுக்கும் பனிமேரி அனுமதி கொடுத்தாள். எழுத்து தெரியாமல் இல்லை. அவள் எட்டாம் வகுப்பு. தெரிந்தேதான் கொடுத்தாள்.

ஆள் கடலில் இருக்கும்போது தடுக்கிற சொல் வீட்டில் வரக்கூடாது. இது அவள் மாமியார் வீட்டு முறை. போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, எங்கே என்று கேட்கக்கூடாது, வாசலுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. உப்பு தீர்ந்தால்கூட 'இல்லை' என்று சொல்லாமல் 'வாங்கணும்' என்றுதான் சொல்லுவார்கள். பங்குச்சாமியார் இதையெல்லாம் பிரசங்கத்தில் கேலி பண்ணியிருக்கிறார். பனிமேரியும் கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான். ஒக்கி வந்த வருஷத்தோடு அந்தச் சிரிப்பு நின்றது.

அந்த நவம்பர் கடைசியில் அவள் தம்பி சிலுவைதாசன் வள்ளத்தைக் கடலில் இறக்கப் போனான். மறுநாள் அவன் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. "இண்ணு போகாண்டாம்லே" என்று பனிமேரி மணலில் அவன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். விளையாட்டும் கோபமும் பாதிப்பாதி. "விடியுமுன்ன வந்திருவேன், மாறி நில்லுக்கா" என்று அவளை இடுப்பில் கிள்ளிவிட்டு அவன் தாண்டிப் போனான். விடிந்தது. காற்றுதான் வந்தது. அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. ஏழாம் நாள், அழுது ஓய்ந்திருந்த அவன் பெண்டாட்டி இவளைப் பார்த்துச் சொன்னாள்: "நீதானே வழி மறிச்சா." அவ்வளவுதான். ஒரே தடவை. பிறகு வந்து காலைப் பிடித்து மன்னிப்பும் கேட்டாள். இன்றைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பூசைக்குப் போகிறார்கள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது, எடுக்க வரவில்லை. எட்டு வருஷமாகப் பனிமேரி 'போகாண்டாம்' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கோழியை விரட்டுகிறபோதுகூட வேறு சொல்தான்.

அப்படிப்பட்டவளிடம் போய் 'தடு' என்ற பொத்தானைக் காட்டினால்? நம்பிக்கை கிம்பிக்கை ஒன்றும் இல்லை என்று அவளே சொல்லுவாள். ஆனால் ததேயுஸ் ஆழக்கடலில் இருக்கும்போது அவள் கட்டைவிரல் அந்தப் பக்கம் போகாது. அனுமதி, அனுமதி, அனுமதி. வந்தவனெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான்.

திங்கள்சந்தையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை. அங்கே ரிப்பேர் பார்க்கிறவள் ஃபாஸிலா. குளச்சலிலிருந்து தினமும் வருகிறவள், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் ஜுனைத் தம்மாமில் வேலை. பனிமேரி முதல் தடவை போனைக் கொண்டுபோய்க் கண்ணாடி மேஜையில் வைத்தபோது, ஃபாஸிலா அதில் ஒட்டியிருந்த மீன் செதிலை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொட்டாள்.

"எக்கா, இது வைரஸ் ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாவனுக்கும் அனுமதி கொடுத்து வச்சிருக்கிய. கேட்டா 'தடு' அமுக்கணும், கேட்டியளா? செரி, இந்தா பாருங்க..."

"அது அப்பிடியே இருக்கட்டு மக்கா. அந்தத் துடைக்கியது ஒண்ணு கெடக்குல்லா, அத மட்டும் எடுத்துத் தா."

ஃபாஸிலா எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் மறுபடியும் போன் கத்தத் தொடங்கியது. பனிமேரி மறுபடியும் வந்தாள்.

"எக்கா, நான் அண்ணைக்கே சொன்னேம்லா? ஏன் திரும்பவும் அனுமதி கொடுத்திய?"

"கண்ணு சரியாத் தெரியல்ல" என்றாள் பனிமேரி.

இருபதடி தூரத்தில் மீனின் செவுளைப் பார்த்து நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லுகிற கண். ஃபாஸிலாவுக்கும் நாளெல்லாம் இதே வேலை. ஓய்வுபெற்ற வாத்தியார், ரப்பர் பால் வெட்டுகிறவர், கல்லூரிப் பெண், எல்லோருக்கும் பதிமூன்று வைரஸ், எல்லோருக்கும் ஐந்து நிமிடம். துடைத்து அனுப்பினால் அடுத்த வாரம் அதே ஆள் அதே போனோடு நிற்பார். அலுத்துப்போன முகத்தோடு அவளும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து சில நாளில் அது நடந்தது. ததேயுஸ் போய் இருபத்தொரு நாள். மதியம் பனிமேரி வாசலில் ஆறு பெண்கள் நின்றார்கள், டிவியில் தாழ்வழுத்தம் என்று ஏதோ சொன்னதால். பனிமேரி படத்தைத் திறந்தாள். சக்கரம் சுற்றியது. மூடினாள். வைரஸ் வந்தது. மூடினாள். பிரியா வந்தாள். படம் ஒரு நொடி தெரிந்தது, அதில் சிவப்பு இருந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு சிவப்பு அறிவிப்பு அதன்மேல் விழுந்தது. எது காற்றின் சிவப்பு, எது கள்ளப்பயலின் சிவப்பு என்று தெரியவில்லை. அரைமணி நேரம் போராடினாள். லிஜா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

"மாமி, செவப்பா? சொல்லுங்க மாமி, செவப்பா?"

"தெரியல்ல மக்கா. தெரியல்ல."

போன் சூடாகி அணைந்தது. அது திரும்ப உயிர் பெற்று, படம் முழுசாகத் தெரிந்தபோது மணி நாலு. மஞ்சள்தான். சிவப்பு இல்லை. பெண்கள் போனபிறகு பனிமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். பயத்தில் அழவில்லை. களைத்துப்போய் அழுதாள்.

மறுநாள் மீன் பாதி விற்றதும் சருவத்தைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். இந்த முறை உண்மையைச் சொன்னாள். தம்பி, மணல், விரித்த கை, 'தடு' என்கிற பொத்தான், எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு, "ஒனக்குச் சிரிப்பா இருக்கும்" என்றாள்.

ஃபாஸிலா சிரிக்கவில்லை. "எங்க மாமியாரு, எம் மாப்பிளைக்க பிளைட்டு தம்மாமுல எறங்கியாச்சுன்னு போன் வாறது வரைக்கும் அவிய ரூமப் பெருக்க விடமாட்டாவ. நானும் பெருக்கமாட்டேன். மார்க்கத்துல அப்பிடி ஒண்ணும் கெடையாதுன்னு எனக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க தொடாண்டாம். நான் தொடுதேன். என் விரலுதானே? ஒங்க வாயும் இல்ல, ஒங்க கையும் இல்ல."

பனிமேரி யோசித்தாள். மாமியார் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாளோ. கடைசியில், "நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கேன்" என்றாள்.

அவள் ரோட்டைப் பார்த்து நின்றாள். பின்னால் ஃபாஸிலாவின் நகம் கண்ணாடியில் டிக் டிக்கென்று தட்டியது. நாற்பது இருக்கும். கடையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் தன் போன் வெடிக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபாஸிலா வேகவேகமாக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, போகிற போக்கில் இன்னும் ஒன்றையும் அடைத்தாள். "லோன் வேணுமான்னு கேக்கவனும் இனி கூப்பிடமாட்டான். நம்பர் காட்டாம வாற காலெல்லாம் அடச்சாச்சு. நிம்மதியா இருங்க எக்கா."

பனிமேரிக்கு நிம்மதி என்ற சொல்தான் காதில் விழுந்தது.

மூன்று நாள் அவள் வீட்டில் அப்படி ஓர் அமைதி. படம் தொட்டதும் திறந்தது. சக்கரம் இல்லை, பிரியா இல்லை. போன் மேஜைமேல் போன் மாதிரி கிடந்தது. ஆனால் நாலாம் நாள் ரத்னகிரிக்கு மேற்கே மஞ்சள் முற்றிச் சிவப்பானது. இந்தத் தடவை அது உண்மையான சிவப்பு. மறைக்க ஒன்றும் இல்லாததால் அது விரிவதை அவள் நன்றாகப் பார்க்க முடிந்தது.

போட்டில் முதலாளி ஒரு சாட்டிலைட் போன் வைத்திருந்தார். நாலு நாளைக்கு ஒருதரம் முறைவைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம்; சிஜினின் முறை ததேயுஸுக்கு இரண்டு நாள் கழித்து. அந்தக் கால் வரும்போது நம்பர் எதுவும் காட்டாது. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பனிமேரி அதைப் பார்த்ததும் எடுத்து "சொல்லுங்க" என்பாள். அந்த முறையும் கால் வரவேண்டிய நாள் வந்தது. போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. பனிமேரி சந்தைக்குப் போகவில்லை. முழங்காலில் நின்றாள், முட்டு விண்விண்ணென்று தெறித்தது, எழுந்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் நின்றாள். நான் அமுக்கவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. அமுக்கச் சொன்னவள் நீதானே என்று இன்னொரு மனசு சொன்னது. திரும்பி நின்றால் மட்டும் ஆயிற்றா?

மூன்றாம் நாள் காலையில் லிஜா ஓடிவந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமி, ஒங்க போனுக்கு என்ன? சிஜின் இப்பதான் போட்டு போன்ல கூப்பிட்டாவ, அங்க வேற டவரு இல்லியாம். போட்டு நேத்தே துறைமுகத்துல கட்டியாச்சாம். எல்லாரும் சொகம். மாமா ஒங்களுக்கு மூணு நாளா கூப்பிடுதாவளாம், போகவே இல்லியாம். வீட்டுல என்னமோ நடந்துபோச்சுன்னு அவிய சாப்பிடாம கெடக்காவளாம்."

பனிமேரிக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த மூச்சில் புரிந்தது. வீட்டுச் சேலையோடேயே பஸ் ஏறினாள்.

ஃபாஸிலா கேட்டதும் தலையில் கை வைத்தாள். "யா அல்லாஹ். போட்டுல இருந்து வாற கால் நம்பரில்லாமத்தான் வருமா? நீங்க சொல்லப்படாதா எக்கா?" சொல்லிக்கொண்டே அதைத் திறந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "என் விரலால ஆச்சே."

"ஒன் விரல்ல ஒண்ணும் இல்ல மக்கா" என்றாள் பனிமேரி. "எல்லாத்தையும் தொறந்து விடு."

"எக்கா, காலத் தொறந்தாச்சு. விளம்பரம் அடஞ்சே இருக்கட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எல்லாத்தையும் தொறந்து விடு. எது என்னத்தத் தடுக்குன்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியல்ல. முன்ன இருந்த மாதிரியே வை."

ஃபாஸிலா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். முடித்ததும், "ஒண்ணு கேக்கேன். அண்ணன் கரையில இருக்கச்ச தடுக்கலாம்லா?" என்றாள்.

பனிமேரி இதை யோசித்ததே இல்லை. "அப்பம் தடுக்கலாம்" என்றாள் மெல்ல.

ஃபாஸிலா அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, எதைத் தொட்டால் 'தடு' வரும் என்று நாலு தடவை சொல்லிக்கொடுத்தாள். பனிமேரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துப் படித்தாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸிலேயே போன் அடித்தது. பெயர் இல்லாத கால்.

"ஏட்டி, வீட்டுல யாரு செத்தா?" ததேயுஸின் குரல் உடைந்து வந்தது. "உள்ளதச் சொல்லு."

"யாரும் சாகல்ல. நான்தான்... போனு கெட்டுப்போச்சு. சாப்பிட்டியளா?"

அந்தப் பக்கக் காற்றுச் சத்தத்துக்கு நடுவே, "இனி சாப்பிடுதேன்" என்றார். இரண்டு நிமிடம் முடிந்தது.

அதற்குப் பிறகு பனிமேரி வருகிற எல்லா அழைப்பையும் எடுத்தாள். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம், "வேற சோலி கெடைக்கல்லியா மக்கா ஒனக்கு?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டாள். வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது என்று மிரட்டியவனிடம், "செரி மோனே, வச்சிரு, லைனு வேணும்" என்றாள். சக்கரம் சுற்றியது, வைரஸ் வந்தது, பிரியா இன்னும் நடுக்கடலில் நின்றாள். நாளுக்கு முப்பது பொய்யை ஒவ்வொன்றாக ஒதுக்கி, அடியில் கிடக்கிற காற்றைப் பார்த்து, தெருவுக்குச் சொன்னாள். சலித்துப்போனது. இரவில் படுக்கும்போது கட்டைவிரல் வலித்தது. இருந்தாலும் பச்சை பச்சையாகவே தெரிந்தது, அது போதும் என்று இருந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் ததேயுஸ் வந்தார். கறுத்து, மெலிந்து, உப்பு பூத்த தாடியோடு. ஒரு நாள் முழுவதும் தூங்கினார். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து, மரவள்ளிக்கிழங்கும் சாளைக்கறியும் தின்றுவிட்டு, ஓலைப்பாயில் கை தலையணையாகப் படுத்திருந்தார். பனிமேரி பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

"என்னட்டி செய்யுதா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தடுக்க வேண்டியது கெடக்கு."

சக்கரக்காரனைத் தொட்டாள். தடு. வைரஸ்காரனைத் தொட்டாள். தடு. பிரியாவைத் தொடும்போது மட்டும் ஒரு கணம் பாவமாக இருந்தது. தடு. சின்ன வயதில் கரையில் நண்டு வளையை மிதித்து அடைத்த சந்தோஷம் மாதிரி ஒரு சந்தோஷம் விரலில் ஊறியது. பக்கத்தில் அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கால்மாட்டில் அவர் பாதம், வெடித்த குதிகாலோடு, தரைமேல் கிடந்தது. தடு. தடு.

"வெள்ளிக்கெழம கொச்சிக்கு வண்டி வருது" என்றார் ததேயுஸ், கூரையைப் பார்த்தபடி. "சனிக்கெழம போட்டு எறக்கணும்னு மொதலாளி சொல்லுதாரு."

"போகாண்டாம்."

சொல்லிவிட்டாள். எட்டு வருஷம் வாய்க்குள் பூட்டிக் கிடந்த சொல், விரலோடு விரலாக வெளியே வந்துவிட்டது.

ததேயுஸ் தலையைத் திருப்பினார். "என்ன சொன்னா?"

"போனுட்டச் சொன்னேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவைதாசன் போன அன்றைக்கு மணலில் அவரும் நின்றவர். ஏழாம் நாள் அந்த வீட்டில் சொன்ன சொல்லையும் கேட்டவர். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

"இன்னும் எத்தன கெடக்கு?" என்றார்.

"இருவது, இருவத்தஞ்சு இருக்கும்."

"எல்லாத்துட்டயும் சொல்லு" என்றார். "நான் கேட்டுட்டுக் கெடக்கேன்."

பனிமேரி சொன்னாள். ஒவ்வொரு பெயராகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். போகாண்டாம். போகாண்டாம். முதலில் முணுமுணுப்பாக, பிறகு சத்தமாக, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பட்டியல் முடிந்த பிறகும் இரண்டு தடவை சொன்னாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ததேயுஸ் பையைத் தூக்கினார். பனிமேரி வாசலுக்குக் குறுக்கே நிற்கவில்லை, பின்னால் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வண்டி சிஜினையும் ஏற்றிக்கொண்டு முனை திரும்பியது. லிஜா, "மாமி, காத்து எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். பனிமேரி போனை எடுத்துப் படத்தைத் திறக்கப் போனாள். புதிதாக ஏதோ ஒரு பக்கம் முன்னால் வந்து நின்று, மரியாதையாகக் கேட்டது.

பனிமேரி அனுமதி கொடுத்தாள்.